பூனைக்கு விளையாட்டுச் சாமான் செய்பவர்களுக்கு

புதிதாகப் பூனை வளர்க்கத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் தீனியைப் பற்றிக் கேட்கிறார்கள், தடுப்பூசியைப் பற்றிக் கேட்கிறார்கள். விளையாட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பூனை தானாக விளையாடிக்கொள்ளும் என்ற நினைப்புதான் காரணம். தெருவிலும் தோப்பிலும் திரிகிற பூனைக்கு அது சரி. அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்தி வளர்க்கும் பூனைக்கு எலியும் இல்லை, ஓணானும் இல்லை. அது திரைச்சீலையில் ஏறும், நடுராத்திரியில் உங்கள் கால்விரலைக் கவ்வும். இல்லையென்றால் தின்று தூங்கிப் பருத்துப்போகும். அதற்கு ஒரு வேட்டையை நாம்தான் வீட்டுக்குள் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பணம் அதிகம் வேண்டாம். எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்ற தெளிவு வேண்டும். இத்தனை வருஷம் பூனைகளோடு இருந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. செய்ய உட்காருவதற்கு முன் உங்கள் பூனையைக் கவனியுங்கள். சில பூனைகளுக்குத் தரையோடு ஊர்வதுதான் பிடிக்கும். கட்டிலுக்கடியில் உருண்ட பட்டாணியைத் துரத்தும். சில எந்நேரமும் மேலே பார்த்தபடி பல்லியையும் ஜன்னலுக்கு வெளியே குருவியையும் கணக்கெடுக்கும். இன்னும் சிலவற்றுக்கு எறும்பும் ஈசலும் போதும். எலிப்பூனைக்கு இறகையும் குருவிப்பூனைக்குப் பந்தையும் கொடுத்துவிட்டு, ‘இதற்கு விளையாடவே தெரியவில்லை’ என்று சொல்லக்கூடாது. அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்டெலி அளவுள்ள பொருளைத்தான் பெரும்பாலான பூனைகள் தைரியமாகப் பாய்ந்து பிடிக்கும். தன் உடம்பில் பாதி இருக்கும் கரடி பொம்மையைக் கண்டு பின்வாங்கும்.

2. நூல். இதை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் எனக்கு வருத்தமில்லை. பூனையும் நூற்கண்டும் சேர்ந்த படத்தை நாட்காட்டியில் பார்த்துப் பார்த்து, நூல் பூனைக்கான விளையாட்டுச் சாமான் என்றே எல்லோரும் நம்பிவிட்டோம். பூனையின் நாக்கைத் தொட்டிருப்பீர்கள், அரம்போல் இருக்கும். அதிலுள்ள நுண்ணிய முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கி வளைந்தவை. நாக்கில் பட்ட நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது. உள்ளே இழுத்துக்கொண்டே போகும். ஒரு நுனி நாக்கின் அடியிலோ இரைப்பையின் முடிவிலோ சிக்கி நின்றுவிடும், மறு நுனி குடலுக்குள் இறங்கும். குடல் அதைத் தள்ளப் பார்க்கும். தள்ளத் தள்ள, புடவைக்குக் கொசுவம் வைத்த மாதிரி குடல் மடிப்பு மடிப்பாக நூலின்மேல் ஏறிக்கொள்ளும். இறுகிய நூல் கடைசியில் குடலை அறுத்துவிடும். அந்த நிலையில் அறுவை சிகிச்சைதான் வழி.

நம் வீடுகளில் நூல் எங்கெல்லாம் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பூ கட்டிய நூல், வாழைநார், தையல் மிஷினுக்குக் கீழே ஊசியோடு விழுந்தது, பின்னலில் கட்டும் ரிப்பன், குஞ்சலம், மாஞ்சா, ரப்பர் பேண்டு, ஜிகினா. இவற்றில் நான் அதிகம் பயப்படுவது ஓட்டல் பார்சலில் சுற்றி வரும் நூலுக்கு. குழம்பு வாசனை ஏறியிருப்பதால் பூனை அதைக் குப்பைக்கூடையில் தேடிப்போய்த் தின்னும். பார்சலைப் பிரித்ததும் அந்த நூலை மூடியுள்ள தொட்டியில் போடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு குட்டி, வாடிப்போன மல்லிகைச் சரத்தோடு விளையாடிக்கொண்டிருந்தது. பூவெல்லாம் தரையில் கிடந்தது, நூலைக் காணோம். மறுநாள் வாந்தி, தண்ணீர்கூடக் குடிக்காமல் முதுகைக் கூன்போட்டுக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்காரர்கள் உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தது. உங்கள் பூனையின் வாயிலோ மலத்துவாரத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே சிக்கியிருக்கும் நூலை இழுத்தால் குடல் கிழியும். அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

3. முதல் விளையாட்டுச் சாமானுக்கு ஒரு காசும் செலவழிக்காதீர்கள். செய்தித்தாளில் அரைப்பக்கத்தைக் கிழித்து எலுமிச்சம்பழ அளவுக்கு இறுக்காமல் கசக்குங்கள். இறுக்கினால் சத்தம் போய்விடும். தொட்டதும் சரசரவென்று கேட்க வேண்டும். பூனையின் காது நமக்குக் கேட்காத மெல்லிய கீச்சொலியைக்கூடப் பிடிக்கும். நாம் 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறோம், பூனைக்கு 60 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். எலிகள் தமக்குள் பேசிக்கொள்வது அந்த உயரத்தில்தான். அதனால் காகிதத்தின் சரசரப்பு அதற்கு லேசுப்பட்ட விஷயமில்லை.

தென்னை மரம் உள்ள வீடாக இருந்தால் உங்களுக்கு இன்னும் நல்லது கிடைக்கும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் குரும்பையைச் சொல்கிறேன். நாம் சிறுவயதில் ஈர்க்குச்சி குத்தித் தேர் செய்தோமே, அதேதான். மேலே உள்ள தொப்பியைக் கழற்றிவிட்டுக் கழுவித் துடைத்துக் கொடுங்கள். முழு உருண்டையாக இல்லாததால் அது நேராக ஓடாது. ஒரு தட்டுத் தட்டினால் வளைந்து, தயங்கி, எதிர்பாராத பக்கம் திரும்பும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பந்துகள் எவற்றிலும் இந்தக் குணம் இல்லை. விழுங்க முடியாத அளவில் உள்ளதாகப் பொறுக்குங்கள். காய்ந்து வெடித்ததும் தூக்கிப்போட்டுவிட்டு வேறு எடுங்கள். கோலிக்குண்டு, பொத்தான், மணி, புளியங்கொட்டை போன்ற சின்னச் சாமான்கள் மட்டும் வேண்டாம்.

4. வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியது கோல் பொம்மை. இரண்டடி நீளத்தில் ஒரு மூங்கில் குச்சி எடுங்கள். ஒட்டடைக்கம்பில் முறிந்த நுனி போதும். அரளிக் குச்சியும் எருக்கங்குச்சியும் கூடவே கூடாது, இரண்டும் விஷம். சிம்பு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு முனையிலும் துணி சுற்றித் தையுங்கள், கண்ணில் குத்திவிடக்கூடாது. கயிற்றுக்குப் பதில் பழைய பருத்தி வேட்டியைக் கரை நீக்கி, இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழியுங்கள். ஓரம் பிசிறினால் மடித்துத் தைத்துவிடுங்கள். இரண்டரை அடி நீளம் சரியாக இருக்கும். குச்சியில் கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் கத்தியால் சுற்றிலும் ஒரு பள்ளம் கீறிக்கொண்டால் முடிச்சு நழுவாது. மறு நுனியில் துணியையே நாலைந்து முடிச்சாகப் போட்டுச் சுண்டெலி அளவுக்குக் கொண்டுவாருங்கள். குருவிப்பூனையாக இருந்தால் இரண்டு கோழி இறகைச் சேர்த்துக் கட்டலாம். கோழிக்கடையில் சும்மா கொடுப்பார்கள். சோப்பும் வெந்நீரும் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே கட்டுங்கள். செத்த பறவையின் இறகைத் தெருவிலிருந்து எடுக்காதீர்கள்.

துணி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாச்சை உருண்டை போட்ட பெட்டியில் கிடந்த துணியைப் பயன்படுத்த வேண்டாம். அந்த நாப்தலீன் பூனைக்கு நஞ்சு. ஜரிகை உள்ள புடவைத் துண்டும் வேண்டாம்.

விளையாடி முடித்ததும் கோல் பொம்மையைப் பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். துணிப்பட்டையும் கிழிந்தால் நூல்தான்.

5. இனி அசைக்கும் விதம். நிறையப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அழகாகப் பொம்மை செய்து, அதைப் பூனையின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுகிறார்கள். எந்த எலி தானாகப் பூனையின் முகத்துக்கு வரும்? இரை எப்போதும் விலகித்தான் ஓடும். அதோடு, மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது, மீசையால்தான் தடவிப் பார்க்கும். பக்கத்தில் ஆட்டினால் அதற்குத் தொந்தரவுதான் மிஞ்சும்.

நாலைந்தடி தள்ளி வையுங்கள். முடிச்சைத் தரையோடு மெல்ல இழுங்கள், நிறுத்துங்கள், ஒரு சின்ன நடுக்கம் கொடுங்கள், மறுபடி நிறுத்துங்கள். பிறகு கதவு மூலைக்குப் பின்னால் பாதி மறையும்படி இழுங்கள். அந்தக் கணத்தில் பூனையைப் பாருங்கள். கருவிழி அகன்று கண் முழுக்கக் கறுப்பாகும். காது இரண்டும் முன்னால் திரும்பும், தாடை தரையைத் தொடும், பின்பக்கம் இடமும் வலமுமாக அசையும். இப்போது அவசரப்பட்டு வேகமாக ஆட்டிவிடாதீர்கள், பொறுங்கள். பதுங்குவதும் வேட்டையில் ஒரு பகுதி. பூனை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடமும் அது விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது. ‘இதற்கு ஆர்வமில்லை’ என்று நீங்கள் கோலைக் கீழே வைக்கும் நேரத்தில்தான் அது பாயத் தயாராக இருக்கும்.

ஒரே தாளத்தில் வட்டமாகச் சுற்றுவது பயனில்லை. காற்றில் ஆட்டினால் குருவிபோல் சிறகடித்து எங்காவது உட்கார வையுங்கள். நிறத்துக்காக மெனக்கெட வேண்டாம். சிவப்பு பூனைக்கு மங்கலாகத்தான் தெரியும், நீலமும் மஞ்சளும் பரவாயில்லை. அதன் கண் அசைவைப் பிடிப்பதற்கென்றே அமைந்தது.

6. பிடிக்க விடுங்கள். கடைசி வரைக்கும் தப்பித்துக்கொண்டே இருக்கும் இரை பூனையைச் சலிக்கவைக்கும், சிலவற்றுக்கு எரிச்சலும் வரும். நாலு பாய்ச்சலுக்கு இரண்டு முறையாவது நகத்தில் சிக்க வேண்டும். முடிக்கும்போது அசைவை மெல்லமெல்லக் குறைத்து, இரை சோர்ந்து சாவதுபோல் ஆக்கி, கவ்விக்கொள்ளக் கொடுங்கள். அதன்பிறகு உடனே சாப்பாடு வையுங்கள். வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம்செய்தல், தூக்கம் என்பதுதான் பூனை உடம்பின் ஒழுங்கு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் இப்படி விளையாடிப் பாருங்கள், நடுராத்திரி ஓட்டம் தானாகக் குறையும். வயிறு நிறைந்த பூனையைவிடப் பசித்த பூனைதான் தீவிரமாக விளையாடும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம் போதும், காலையில் ஒன்று, அந்தியில் ஒன்று. இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வெளியே போய்வரும் பூனைகளோடு தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாடச் சொன்னார்கள். அவை வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவந்த பிராணிகள் 25 சதவீதம் குறைந்தன. உங்கள் பூனை தோட்டத்து அணிலையும் தவிட்டுக்குருவியையும் கொண்டுவந்து போடுகிறது என்றால் அதைத் திட்டுவதை விட்டு இதைச் செய்யுங்கள்.

7. கையையும் காலையும் விளையாட்டுச் சாமானாக்காதீர்கள். குட்டியாக இருக்கும்போது விரலைக் கடிப்பது அழகு. நாலு கிலோ ஆன பிறகு அதே பூனை பாட்டியின் கையைக் கிழிக்கும், குற்றம் அதன்மேல் விழும். லேசர் விளக்கையும் நான் சிபாரிசு செய்வதில்லை. துரத்தத்தான் முடியும், பிடிக்க எதுவும் கிடைக்காது. கண்ணில் பட்டால் கெடுதல்.

8. அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடாதீர்கள். பெட்டிக்குள் ஒளிவது பூனைக்கு வெறும் வேடிக்கையில்லை. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பாதிக்குப் பெட்டி கொடுத்து, மறு பாதிக்குக் கொடுக்காமல் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சீக்கிரமே பயம் தெளிந்தன. 2014-இல் அந்த முடிவு வெளியானது. புதுப்பூனை வீட்டுக்கு வரும் நாளில் முதலில் தயாராக இருக்க வேண்டியது ஒரு பெட்டி. ஒட்டியிருக்கும் டேப், பின் எல்லாவற்றையும் நீக்குங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் தலை தாராளமாக நுழையும் இரண்டு வாசல் வெட்டுங்கள். பக்கவாட்டில் முன்கால் நுழையும் அளவில் நாலைந்து ஓட்டை. வெளியிலிருந்து ஓட்டை வழியே கோல் பொம்மையின் முடிச்சை எட்டிப்பார்க்க வைத்தால் ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும். மழைக்காலத்தில் அட்டை நமுத்துப் பூஞ்சை பிடிக்கும், உடனே மாற்றிவிடுங்கள். காகிதப் பையையும் மஞ்சப்பையையும் கொடுக்கலாம், கைப்பிடியை வெட்டிவிட்ட பிறகுதான். கழுத்தில் மாட்டிக்கொண்டு மிரண்டு ஓடும் பூனை எதில் மோதும் என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் கவர் எந்த வடிவிலும் வேண்டாம்.

9. உதைப்பதற்கு ஒன்று செய்யுங்கள். முன்காலால் கட்டிப்பிடித்துப் பின்காலால் உதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஜீன்ஸ் காலில் ஓரடி நீளம் வெட்டி, ஒரு பக்கம் இரட்டைத் தையல் போட்டு, கிழிந்த பனியன் துண்டுகளைத் திணியுங்கள். இலவம்பஞ்சு வேண்டாம், தையல் விட்டால் வாய்க்குள் போகும். நடுவில் நன்றாகக் காய்ந்த வாழைச்சருகை ஒரு பிடி வைத்தால் உதைக்கும்போதெல்லாம் சலசலக்கும், வாழை பூனைக்குக் கெடுதலில்லை. மறுபக்கத்தையும் தைத்து முடிச்சு வெளியே தெரியாமல் விடுங்கள். கண் வைக்கிறேன், வால் வைக்கிறேன் என்று பொத்தானும் நூலும் சேர்க்காதீர்கள்.

இதற்குள் குப்பைமேனி வேர் வைக்கலாம். மேலைநாடுகளில் கேட்னிப் என்று ஒரு செடியைப் பூனைக்கு மோப்பம் பிடிக்கக் கொடுப்பார்கள். இங்கே பாக்கெட்டில் அதிக விலைக்கு விற்கிறது. நம் வேலியோரத்துக் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. அதைப் பிடுங்கியதும் வேர் வாசனைக்கு எங்கிருந்தோ பூனை வந்து புரளும். வேரில் இருந்து பூனையைக் கவரும் பொருள்களைப் பிரித்தெடுத்து 2016-இல் ஆய்வும் வெளியாயிற்று. கேட்னிப்பில் இருப்பதற்கு நெருங்கிய உறவுள்ளவை அவை. புதிதாகப் பிடுங்கிய வேரைக் கழுவி, துணியில் முடிந்து உள்ளே வையுங்கள். காய்ந்தால் வீரியம் போய்விடும். மருந்தடித்த வயலோரத்தில் பிடுங்காதீர்கள். மோப்பம் மட்டும்தான், இலையை அரைத்து ஊட்டும் வேலையெல்லாம் கூடாது. எல்லாப் பூனைகளும் மயங்கா, குட்டிகள் பெரும்பாலும் திரும்பியே பார்க்கா. உங்கள் பூனை அந்தக் கூட்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

10. தீனி ஒளிக்கும் தட்டு. 30 முட்டை அடுக்கும் அட்டையில் உடைசல் கறை இல்லாததாக ஒன்று எடுத்து வெயிலில் வைத்து, குழிகளில் நாலைந்து தீனியைப் போட்டுக் காகித உருண்டையால் மூடுங்கள். முன்காலால் தோண்டி எடுக்கக் கற்றுக்கொள்ளும். கருவாடு வைக்காதீர்கள், உப்பு அதிகம். வேகவைத்த கோழித் துண்டு நல்லது, ஆனால் எறும்பு வருமுன் எடுத்துவிடுங்கள். முதல் நாள் மூடாமல் வைத்துப் பழக்குங்கள். நான் சொன்ன எக்ஸிட்டர் ஆய்விலேயே இப்படிப்பட்ட தட்டு கொடுத்த பூனைகள் வேட்டையைக் குறைக்கவில்லை, கூட்டின. ஆகவே இதைக் கோல் பொம்மைக்கு மாற்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பூனைக்குப் பொழுதுபோக உதவும், அவ்வளவுதான்.

11. விளையாடும் இடத்தைச் சரிபாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், பீரோவின்மேலிருந்து இறகைப் பிடிக்கத் தாவும் பூனைக்கு இறக்கை தெரியாது. பால்கனியில் கம்பியோ வலையோ இல்லையென்றால் கதவைச் சாத்துங்கள். டைல்ஸ் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகும், ஒரு சாக்கையோ பழைய பாயையோ விரித்து அதன்மேல் விளையாட விடுங்கள். பாயைப் பிறாண்டுகிறது என்று கவலைப்படாதீர்கள். மூன்றடி உயரக் கட்டையில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, கனமான பலகையில் அறைந்து பக்கத்தில் நிறுத்திவிட்டால் நகம் அதற்குப் போகும். ஆட்டம் காணும் கட்டையைப் பூனை இரண்டாம் முறை தொடாது.

12. எல்லாவற்றையும் ஒரே நாளில் தரையில் கொட்டாதீர்கள். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராட்ஷாவும் சாரா ஹாலும் பூனைகளுக்கு ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று தடவையிலேயே ஆர்வம் வடிந்துவிட்டது. சற்றே வேறுபட்ட ஒன்றை உடனே கொடுத்ததும் விளையாட்டு மறுபடி சூடுபிடித்தது. பூனைக்கு விளையாட்டே அலுத்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை, அந்தப் பொருள் அலுத்துவிட்டது. நாலைந்து சாமான் செய்து, இரண்டை வெளியே விட்டு மற்றவற்றை டப்பாவில் மூடிவையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தையலை இழுத்துப் பாருங்கள், பிரிந்தது குப்பைக்குப் போகட்டும்.

13. வயதான பூனையை விட்டுவிடாதீர்கள். பத்து வயசுக்கு மேல் மூட்டு வலி வரும், தாவாது. அதற்காக வேட்டை ஆசை போய்விடாது. படுத்திருக்கும் இடத்துக்கு அருகே துணி முடிச்சைப் போர்வைக்கு அடியில் மெல்ல நகர்த்துங்கள், படுத்தபடியே கையை நீட்டிப் பிடிக்கட்டும். இரண்டு நிமிடம் போதும். சித்திரை வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். எந்த வயசுப் பூனையானாலும் விளையாட்டின் நடுவே வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அங்கேயே நிறுத்தி நிழலில் விடுங்கள். நாய்க்கு அது இயல்பு, பூனைக்கு இல்லை. மறுபடியும் அப்படி நடந்தால் இதயத்தையும் நுரையீரலையும் மருத்துவரிடம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.